மூன்றாவதாகக் காட்டியது

புது வீட்டைப் பார்க்க யார் வந்தாலும், அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஷோரூம்காரரின் மனைவி ஆரம்பித்துவிடுவாள். "இந்தக் கைப்பிடியைப் பிடிச்சுப் பாருங்க. நான் எடுத்தது." அப்புறம் தரை. அப்புறம் சமையலறைக் குழாய், குளியலறை ஷவர், அடுப்புக்கு மேலே புகை உறிஞ்சும் சிம்னி, கடைசியில் கதவுக்குப் பின்னால் துண்டு மாட்டும் கொக்கி வரைக்கும் விடமாட்டாள். "எல்லாம் நான் எடுத்ததுதான். இவர் குறுக்க ஒரு வார்த்தை பேசலை. வேணும்னா கேட்டுப் பாருங்க." வந்தவர்கள் திரும்பி அவரைப் பார்ப்பார்கள். அவர் தலையை ஆட்டுவார். அதில் பொய் ஒன்றும் இல்லை. குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லைதான். பேச வேண்டிய இடத்தில் பேசாமல் நிற்பதுதானே அவருடைய தொழில்.

கீழே நகரத்தில் டைல்ஸ், குழாய், குளியலறைச் சாமான், சமையலறை மெஷின் எல்லாம் விற்கிற மூன்று மாடிக் கடையில் முப்பத்தோரு வருஷம் இருந்தவர் அவர். விற்பனைப் பையனாகச் சேர்ந்து, ஷோரூமுக்கே பொறுப்பாளராகி ஓய்வு பெற்றார். சொந்தக்காரர்கள்கூட அவர் பெயரை மறந்து ஷோரூம்காரர் என்றே கூப்பிடுவார்கள். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். "என் கவுன்ட்டர்லேருந்து இதுவரைக்கும் ஒருத்தர் வெறுங்கையோட போனதில்ல" என்று எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் ஒரு தரமாவது சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார்.

அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். எந்தச் சாமான் கேட்டாலும் மூன்றுதான் காட்டுவார். நாலு காட்டினால் ஆள் குழம்பிப் போவான், இரண்டு காட்டினால் இன்னும் இருக்கா என்பான். முதலில் காட்டுவது எவனும் வாங்காத ஒன்று. இரண்டாவது, வந்தவர் எதன் மேல் ஆசைப்பட்டு வந்தாரோ அது. ஆனால் அதைக் கையில் கொடுக்கும்போது கொஞ்சம் கிட்டே போய், குரலைத் தணித்து, "உங்களுக்குங்கறதால சொல்றேன்" என்று ஒரு சின்னக் குறையைக் காதில் போட வேண்டும். மூன்றாவது, கடைக்காரர் தள்ள நினைப்பது. அதை எடுத்து முன்னால் வைத்துவிட்டு வாயைத் திறக்கவே கூடாது. வேறு எங்கேயாவது பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். வந்தவரே அதைத் தொட்டுப் பார்த்து, தானே கண்டுபிடித்த சந்தோஷத்தில், "இது நல்லா இருக்கே!" என்பார். பில் போடப் போகிறவர் முகத்தில் ஒரு வெற்றி தெரியும். இதைத்தான் அவர் கடையில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கெல்லாம் பாடமாக நடத்தினார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த மனைவி, கல்யாணமான நாளிலிருந்து பதினோரு வாடகை வீடுகளில் குடித்தனம் செய்தவள். ஒரு வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. இன்னொன்றில் அம்மி வைக்கக் கூடாது, தரை கீறிவிடுமாம். ஒரு வீட்டுக்காரர் பல்ப் கூடத் தானே வந்துதான் மாற்றுவார். பச்சைச் சுவர், நீலச் சுவர், யாரோ தேர்ந்தெடுத்த ஊதா நிற பேசின், யாரோ உடைத்து யாரோ ஒட்டிய கண்ணாடி என்று முப்பது வருஷம் போனது. பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் சீட்டுப் பதிகிற கவுன்ட்டரில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்கு வந்தால் அதே புழுக்கம். "ஒரு நாள் குளிருற ஊர்ல ஒரு வீடு கட்டணும். அதுல ஒரு ஆணி வரைக்கும் நானே பார்த்து எடுக்கணும். சம்மதமா?" என்று கேட்டாள். எட்டாவது வீட்டிலோ ஒன்பதாவது வீட்டிலோ கேட்டது. அவர் சம்மதம் என்றார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

மலையில் ஒரு சரிவில் சின்னதாக இடம் அமைந்தது. சுவர் எழும்பியது. கூரையும் போட்டாயிற்று. அவர் ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் முன்னால், கடை மூடியிருக்கிற மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில், முதலாளியிடம் சாவி கேட்டு வாங்கி, மனைவியை ஷோரூமுக்குக் கூட்டிப் போனார். அவள் இருந்ததிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்தாள். நோட்டில் அறை அறையாகப் பிரித்து, வேண்டியதை எழுதி வைத்திருந்தாள். மூன்று மாடி விளக்கையும் அவளுக்காகப் போட்டார். அவள் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் தொடலாமா?" என்று கேட்டாள்.

அங்கேதான் அவர் சறுக்கினார். இதைப் பின்னால் அவரே பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறார். அவளை ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவே இல்லை. அவள் கெட்ட சாமானாகப் பார்த்து எடுத்துவிட்டால்? முப்பது வருஷம் காத்திருந்து கட்டிய வீட்டில் ஒரு வருஷத்தில் குழாய் ஒழுகினால்? தனக்குத் தெரிந்ததை நேராகச் சொல்லியிருக்கலாம். "இது வேண்டாம், அது நல்லது" என்று சொன்னால் மூஞ்சி சுருங்கிவிடுமே, தேர்ந்தெடுக்கிற சந்தோஷம் போய்விடுமே என்று பார்த்தார். சந்தோஷமும் கெடக் கூடாது, சாமானும் கெடக் கூடாது. அவருக்குத் தெரிந்த ஒரே வழி கைக்குத் தானாக வந்தது.

தரைக்கு அவள் மண் நிறத்தில் சொரசொரப்பாக இருந்த டைலின் மேல் வெறுங்காலை வைத்துப் பார்த்து, "காலுக்கு எவ்ளோ இதமா இருக்கு" என்றாள். அது இரண்டாவதாகப் போயிற்று. "உனக்குங்கறதால சொல்றேன், இதுல அழுக்கு உக்காந்தா லேசுல போகாது." மூன்றாவதாக, பளபளவென்று தந்த நிறத்தில் ஒன்றை வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இரண்டு நிமிஷம் கழித்துப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏங்க, இது நல்லா இருக்கே!" இரண்டு பிடி வைத்த பழைய மாதிரிக் குழாயைக் கேட்டாள், ஒற்றைப் பிடிக் குழாயை எடுத்தாள். அகலமான வாய் வைத்த பேசினைக் கேட்டாள், குறுகலானதை எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு டிக் போட்டுக்கொண்டே வந்தாள். சாயங்காலம் பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்துகொண்டு, "எனக்கு இவ்ளோ தெரியும்னு எனக்கே தெரியாது" என்றாள்.

அடுப்பு விஷயம்தான் கொஞ்சம் இழுத்தது. குளிருக்கு, கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு விறகடுப்பு ஒன்று வேண்டும் என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி, இரண்டு கோடு போட்டிருந்தாள். எங்கேயோ பத்திரிகையில் படம் பார்த்தாளாம். உள்ளே நெருப்பு தெரிய, முன்னால் நாற்காலி போட்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான் ஆசை. விறகு யார் பிளப்பது, சாம்பல் யார் அள்ளுவது, கூரையில் புகைக்குழாய்க்கு ஓட்டை போட்டால் மழை ஒழுகுமே என்றெல்லாம் அவர் தனக்குத் தானே காரணம் அடுக்கிக்கொண்டார். உண்மைக் காரணம் வேறு. விறகடுப்பைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. அவர் கடையில் அது விற்றதே இல்லை. குடோனில் இரண்டு பழைய பீஸ் கிடந்தது, அவ்வளவுதான். எனக்குத் தெரியாது என்று அந்த ஷோரூமுக்குள் நின்று, அதுவும் பெண்டாட்டியிடம் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. துருவேறிய பீஸை முதலில் காட்டினார். இரண்டாவதாகக் கண்ணாடிக் கதவு வைத்ததைக் காட்டினார். "உனக்குங்கறதால சொல்றேன், சூடு தாங்காம இந்தக் கண்ணாடி ஒரு நாள் வெடிக்கும்." மூன்றாவதாக வெள்ளையாக, ஓசையில்லாத எலெக்ட்ரிக் ஹீட்டர். அவள் இரண்டாவதன் முன்னால் ரொம்ப நேரம் குந்தி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தாள். பிறகு எழுந்து ஹீட்டரிடம் வந்தாள்.

கண்ணாடி வெடிக்குமா வெடிக்காதா என்பது அவருக்கு இன்றைக்கும் தெரியாது.

வீட்டுக்குக் குடிவந்து ஆறு மாதம் இருக்கும். அவருக்குப் பிறகு ஷோரூம் பொறுப்பை ஏற்றவர் குடும்பத்தோடு மலைக்குச் சுற்றிப் பார்க்க வந்தார். அவரிடமே தொழில் கற்ற ஆள், நல்ல மனிதர், வாய் மட்டும் நிற்காது. பிள்ளைகளை வெளியே விளையாட விட்டுவிட்டு உட்கார்ந்தார். மனைவி வழக்கம்போல் வீட்டைச் சுற்றிக் காட்டினாள். திரும்பி வந்து டீ போட உள்ளே போனாள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் கதவு இல்லை. கதவு வேண்டாம் என்பதும் அவள் எடுத்த முடிவு என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள்.

"அண்ணே, இன்னைக்கும் புதுசா வர்ற பசங்களுக்கு உங்க பாடம்தான்" என்றார் வந்தவர். "மூணாவதை வெச்சுட்டு வாயைத் திறக்காதேன்னு சொன்னா, ஒருத்தனுக்கும் முடியல. பேசிக் கெடுத்துடறானுங்க. அண்ணிக்கு நீங்க காட்டின அழகை அவனுங்க பார்த்திருக்கணும். வீடு முழுக்க மூணாவது!"

ஷோரூம்காரர் கண்ணைக் காட்டினார். வந்தவர் கவனிக்கவில்லை. "அந்த விறகடுப்புதான் நம்மள ஒரு வழி பண்ணிடுச்சு. சனிக்கிழமை போன் போட்டு, துருப்பிடிச்சதா ஒண்ணு குடோன்லேருந்து எடுத்து வைடான்னீங்க. இடுப்பு ஒடிஞ்சுடுச்சு அண்ணே எனக்கு. அண்ணி பாவம், கடைசி வரைக்கும் அந்தக் கண்ணாடி அடுப்பைத்தான் பார்த்துட்டு இருந்தாங்கன்னு சொன்னீங்களே, நினைவிருக்கா?" என்று சிரித்தார்.

உள்ளே டம்ளர் சத்தம் நின்றுபோயிற்று. கொஞ்ச நேரம் கழித்து அவள் டீயோடு வந்தாள். எல்லோருக்கும் கொடுத்தாள், பிள்ளைகளைக் கூப்பிட்டு பிஸ்கட் கொடுத்தாள், வண்டி வரைக்கும் போய் வழியனுப்பினாள். அவர்கள் போனதும் சண்டை வரும் என்று அவர் வாசலிலேயே நின்றார். பூசி மெழுக நாலு வார்த்தை தயாராகத்தான் வைத்திருந்தார். அவள் அவரைத் தாண்டி உள்ளே போய் டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தாள். சண்டை அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. வந்திருக்கலாம் என்று அவர் ஏங்குகிற அளவுக்கு வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் பக்கத்துச் சரிவில் குடியிருக்கும் டீச்சர் தன் அக்காவை அழைத்துக்கொண்டு வந்தார். "அக்கா, இந்த வீட்டுல ஒவ்வொண்ணும் இவங்களே பார்த்துப் பார்த்து எடுத்தது" என்று டீச்சர் ஆரம்பித்துக் கொடுத்தார். ஷோரூம்காரரின் மனைவி கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே, "இல்லைங்க, எல்லாம் இவர் எடுத்தது" என்றாள். குரலில் கோபமே இல்லை. அவருக்குத்தான் உட்கார்ந்த இடத்தில் உடம்பு கூசியது.

அதிலிருந்து வீட்டில் எதைக் கேட்டாலும் அதே பதில்தான். என்ன சமைக்கலாம்? "நீங்களே சொல்லுங்க." ஜன்னலுக்கு எந்தத் துணி? "உங்க இஷ்டம்." கடையில் சோப்பு வாங்கினால்கூட, கை நீட்டி எடுக்காமல் அவர் எடுப்பதற்காக நிற்பாள். ஆஸ்பத்திரிக் கவுன்ட்டரில் ஒரு நாளைக்கு முந்நூறு பேரை வரிசையில் நிறுத்தி அதட்டியவள். அவள் அப்படி ஒதுங்கி நிற்பதைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை.

மழைக்காலம் வந்தது. மலையில் மழையோடு மேகமும் வீட்டுக்குள்ளே வரும் என்பதைக் கீழே இருந்த ஷோரூம்காரர் எந்தக் கேட்டலாக்கிலும் படித்ததில்லை. தந்த நிறத் தரை வியர்த்தது. துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் மறுபடி ஈரம். வாசலிலிருந்து சமையலறை வரை பழைய துண்டுகளை வரிசையாகப் போட்டு, அதன் மேல்தான் இருவரும் நடந்தார்கள். நாலாம் நாள் எங்கேயோ மரம் விழுந்து கரண்ட் போயிற்று. ஐந்தாம் நாளும் வரவில்லை. வெள்ளை ஹீட்டர் மூலையில் சும்மா நின்றது. பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு இருவரும் ஆளுக்கு இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் விரல் நுனிகள் வெளுத்துப் போயிருந்தன. நெருப்புக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்ற ஒரே ஆசையை நோட்டில் இரண்டு கோடு போட்டு எழுதியவள் அவள்.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றார் அவர்.

அவள் இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டாள்.

"உனக்கு நல்லதுன்னு நினைச்சுதான்..."

"அது எனக்குத் தெரியும்" என்றாள். "நீங்க கெட்டது நினைக்கலைன்னு தெரியும். அதனாலதான் சண்டை போடக்கூட முடியல." கம்பளியை இழுத்து விட்டுக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. நான் ஆசைப்பட்டது எல்லாமே ரெண்டாவதா?"

"ஆமா."

"எல்லாமேவா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கட்டிலிலிருந்து இறங்கினாள். "வாங்க" என்றாள். கம்பளியோடு துண்டுகளின் மேல் நடந்து வாசலுக்குப் போய், கதவுக் கைப்பிடியைத் தொட்டு நின்றாள். "இது நான் எடுத்ததா?" அவர் இல்லை என்றார். "இந்த விளக்கு?" இல்லை. சமையலறைக்குப் போனார்கள். குழாய், பேசின், சிம்னி. ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். வீட்டுக்காரர் ஒருவரிடம் வீட்டை ஒப்படைக்கும்போது எதெது உடைந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவார்களே, பதினோரு முறை அவள் செய்தது, அதே நடைதான் இப்போதும். குளியலறைக் கொக்கியில் வந்து நின்றாள். அதுவும் இல்லை.

"ஒண்ணாவது இருக்குமே. யோசிச்சுப் பாருங்க. நீங்க பாக்காதப்போ நான் ஏதாவது எடுத்திருப்பேனே."

அவர் யோசித்தார். இருந்தது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மேஸ்திரியிடமிருந்து போன் வந்து அவர் படிக்கட்டுப் பக்கம் போயிருந்த பத்து நிமிஷத்தில், சமையலறை அலமாரிக் கதவுகளுக்கு மஞ்சள் நிறத்தில் பீங்கான் குமிழ் பன்னிரண்டு எடுத்துக் கூடையில் போட்டு வைத்திருந்தாள். கோழிக் குஞ்சு மாதிரி இருக்கு என்று சிரித்தாள். அது மூன்று காட்டாமல் எடுத்தது. இதைச் சொல்லி அவள் முகத்தில் ஒரு வெளிச்சத்தைப் பார்த்துவிடலாம் என்று வாயைத் திறந்தார். ஆனால் அலமாரியில் இருந்ததோ ஸ்டீல் கைப்பிடி. பீங்கான் விளிம்பு உடைந்து கையைக் கிழிக்கும் என்று மறுநாளே மாற்றிப் போடச் சொன்னவர் அவர்தான். ஸ்டாக் இல்லையாம் என்று அவளிடம் சொன்னதும் அவர்தான்.

"இல்ல" என்றார். அந்த ஒரு முறையாவது பொய் சொல்லாமல் இருக்க வேண்டும் போலிருந்தது. "ஒண்ணு இருந்துச்சு. அதையும் நான் மாத்திட்டேன்." மஞ்சள் குமிழ் கதையைச் சொன்னார். அவள் ஸ்டீல் கைப்பிடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஸ்டாக் இல்லன்னு சொன்னீங்க" என்று மட்டும் சொன்னாள்.

மழை விட்டு ரோடு திறந்த அன்றைக்கே அவர் முதல் பஸ்ஸில் கீழே போனார். அந்தக் குமிழ் இப்போது வருவதில்லை என்று கடையில் சொன்னார்கள். அவர் குடோனுக்குப் போய் ஏணியில் ஏறி, தூசி தின்று, அரை நாள் தேடினார். திரும்பி வந்த சரக்கு வைக்கும் தட்டின் ஆழத்தில் அந்தப் பெட்டி இருந்தது. மேலே அவர் கையெழுத்திலேயே, 'வாடிக்கையாளர் மனம் மாறியதால் ரிட்டர்ன்' என்று எழுதியிருந்தது. அதை அங்கேயே உட்கார்ந்து இரண்டு தரம் படித்தார். சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மலை ஏறினார்.

அவள் பெட்டியைத் திறந்து ஒரு குமிழை எடுத்து உள்ளங்கையில் உருட்டினாள். முகம் ஒரு நொடி இளகியது. அவருக்கு உயிர் வந்தது.

"அழகாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா ஏங்க, நீங்க தேடிப் போய் எடுத்துட்டு வந்து கையில குடுத்தா, இது எப்படி நான் எடுத்ததாகும்?" அதைத் திரும்பப் பெட்டியில் வைத்து, மூடி, அலமாரி மேல்தட்டில் வைத்துவிட்டாள். திருகாணியைத் தயாராக வாங்கி வந்திருந்தவர் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

அன்று அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கூரையில் ஓட்டை போட மேஸ்திரிக்குச் சொன்னார். மலைச் சந்தை நடக்கிற ஊரில் விறகடுப்பு விற்கிற பெரிய கடை ஒன்று இருப்பதாக டீச்சர் சொல்லியிருந்தார். "நீ தனியாப் போ" என்றார் மனைவியிடம். "நான் வரலை. எந்தக் கடைன்னுகூட எனக்குத் தெரிய வேண்டாம். எது பிடிச்சாலும் எடு. கண்ணாடி வெடிச்சாலும் வெடிக்கட்டும்." "நிஜமாவா?" என்றாள் அவள். பழைய நோட்டைத் தேடி எடுத்துப் பைக்குள் வைத்ததை அவர் பார்த்தார். நல்ல புடவையும் கட்டிக்கொண்டாள். பஸ் ஏறும்போது ஜன்னலிலிருந்து கையை ஆட்டினாள். கையாட்டி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

அன்று முழுக்க அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பு வைக்க இடம் ஒழித்தார். ஹீட்டரைத் தூக்கிப் பின்கட்டில் போட்டார். டீச்சர் வீட்டுப் பக்கம் கிடந்த விறகில் ஒரு கட்டு கேட்டு வாங்கி, கோடரியைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்து, கையில் கொப்புளத்தோடு பிளந்து அடுக்கினார். இரண்டு நாற்காலிகளைப் போட்டு, ஒன்றில் உட்கார்ந்து பார்த்து, கோணத்தைத் திருத்தினார். எந்த அடுப்போடு வருவாள், உயரமா, குட்டையா, எதுவும் தெரியாது. தெரியாமல் இருப்பது அன்றைக்கு அவருக்குப் பிடித்திருந்தது.

நாலு மணிக்கே பஸ் நிற்கும் வளைவுக்குப் போய்விட்டார். இறக்கிச் சுமக்க டீச்சரின் கணவரையும் கூட வந்து நிற்கச் சொல்லியிருந்தார். பஸ் மேகத்துக்குள்ளிருந்து முனகிக்கொண்டு வந்து நின்றது. அவள் இறங்கினாள். அவர் அவளைத் தாண்டி பஸ்ஸின் மேல் தட்டைப் பார்த்தார். யாருடையதோ இரண்டு மூட்டைகள்தான் இருந்தன. பஸ் கிளம்பிப் போயிற்று. அவள் தோளில் அந்தத் துணிப்பை மட்டும் தொங்கியது.

"எங்க? நாளைக்கு அனுப்பறாங்களா?"

"எடுக்கல" என்றாள். டீச்சரின் கணவர் சூழ்நிலை புரிந்து, பீடி வாங்கப் போவதாகச் சொல்லி நகர்ந்துவிட்டார்.

"ஏன்? கடை இல்லையா?"

"இருந்துச்சு. நல்ல கடைதான். தங்கமான மனுஷன். உக்காரச் சொல்லித் தண்ணி குடுத்தார்." பாதையில் மெதுவாக நடக்க ஆரம்பித்தாள். அவரும் கூடவே நடந்தார். "மூணு காட்டினார்."

அவர் நின்றுவிட்டார்.

"உங்களை மாதிரி இல்ல. அந்த மனுஷனுக்கு அதெல்லாம் தெரியாதுன்னுதான் நினைக்கறேன். கடையில இருந்ததே மூணு. அதுல ஒண்ணு எனக்குப் பிடிச்சிருந்துச்சு. கண்ணாடிக் கதவு, கீழ நாலு சின்னக் கால். பார்த்ததும் இதுதான்னு தோணுச்சு. அப்புறம் அவர் ஏன் அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலைன்னு பார்த்தேன். பக்கத்துல இருந்ததை ஏன் முதல்ல காட்டினார்னு பார்த்தேன். எனக்குப் பிடிச்சிருக்கா, இல்ல எனக்குப் பிடிக்கணும்னு வெச்சிருக்காங்களா, எனக்கே தெரியலைங்க. அரை மணி நேரம் அது முன்னால உக்காந்திருந்தேன். முன்னல்லாம் ஒண்ணு பிடிச்சா, பிடிச்சதுன்னு எனக்குத் தெரியும். இப்பத் தெரியல. எழுந்து வந்துட்டேன்."

மன்னிப்புக் கேட்கலாம்; கேட்டாயிற்று. திரும்பப் போய் அதையே எடு என்று சொல்லலாம். சொன்னால் அது யார் எடுத்ததாகும்? முப்பத்தோரு வருஷத்தில் அவர் கவுன்ட்டரிலிருந்து எத்தனை ஆயிரம் பேர் கை நிறையச் சாமானோடு சிரித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். தன் சொந்த மனைவிக்கு மட்டும், எதைப் பார்த்தாலும் சந்தேகப்படக் கற்றுக்கொடுத்து அனுப்பியிருக்கிறோம் என்று நினைத்தார். அவள் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டார். உள்ளே அந்த நோட்டு மட்டும் இருந்தது.

வீட்டு வாசலில் அவள் செருப்பைக் கழற்றினாள். ஒழித்து வைத்த இடத்தையும், அடுக்கிய விறகையும், இரண்டு நாற்காலிகளையும் பார்த்தாள். அவர் கையைப் பிடித்துத் திருப்பி, கொப்புளத்தைப் பார்த்தாள். "இதென்ன இது, இப்படியா பண்றது?" என்று எண்ணெய் எடுத்து வந்து தடவிவிட்டாள். தடவும்போது அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

"குளிர்காலம் வருது" என்றாள், நிமிராமலேயே. "நாளைக்கு நீங்களே போய் ஏதாவது ஒண்ணு எடுத்துட்டு வந்துடுங்க. எனக்கு எதுன்னாலும் சரி."